பிரித்த வீடு போய்ச் சேர்ந்த தோட்டம்

கீழையூரில் எங்கள் ஆயா வீடு நாட்டு ஓட்டு வீடு. வீரட்டானேசுவரர் கோயிலைத் தாண்டித் தென்பெண்ணைக்குப் போகிற வழியில் இருந்தது. ஓடு மாற்ற ஆள் ஏறினால் அவருக்குக் கூரையிலிருந்து ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்று தெரியும். ‘தெரியுதா, தெரியுதா’ என்று கீழே நின்று கத்துவதோடு எங்கள் பங்கு முடிந்துவிடும். பின்னால் நீளமான புழக்கடை. கிணறு, துவைக்கிற கல், ஒரு முருங்கை, குளிக்கிற தண்ணீர் போகும் இடத்தில் வாழை. மீதி நிலம் ஆடாதொடைக்கும் குப்பைமேனிக்கும்.

ஆயா போன பிறகு வீட்டைப் பிரித்தோம். இடிசலை டிராக்டரில் ஏற்றி வெளியே கொட்டிவிடலாம் என்றார் மேஸ்திரி. அம்மா குறுக்கே நின்றாள்.

“ஒரு கல்லு வாசப்படி தாண்டக்கூடாது மேஸ்திரி. எல்லாம் தோட்டத்துக்கு வேணும்.”

“இத்தினி கல்லயும் வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவீங்க?”

ஆனால் வேலை தொடங்கியதும் அவருக்கே ஆசை வந்துவிட்டது. பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. கொல்லுருவால் இரண்டு தட்டுத் தட்டினால் காரை பொடியாக உதிர்ந்து செங்கல் முழுசாகக் கைக்கு வரும். மெல்லிய, அகலமான கல். சிலவற்றில் அறுத்தவரின் விரல் பதிந்திருந்தது. சிமெண்டில் கட்டிய சுவர் இப்படித் திருப்பித் தராது. கல்லைவிடக் கலவை கெட்டியாக இருப்பதால் கல்தான் உடையும். “இப்ப கட்டற வூட்ட நாளைக்குப் பிரிச்சா ஒண்ணும் தேறாதும்மா” என்று, புதுவீட்டுக்கு மூட்டை இறக்கிக்கொண்டே மேஸ்திரி சொன்னார். நேர்மையான மனிதர்.

அந்தச் செங்கல்லில் பாத்திகளுக்கு வரப்பு கட்டினோம். கலவை இல்லாமல் வெறுமனே அடுக்கியதுதான். வேண்டாத வருஷம் பெயர்த்து வேறு பக்கம் போட்டுக்கொள்ளலாம். உதிர்ந்த காரையைப் பாத்திப் பக்கமே அம்மா விடவில்லை. சுண்ணாம்பு பட்ட மண்ணில் இலை வெளிறும் என்பது அவள் கணக்கு, அது சரியும்கூட. அத்தனையும் நடைபாதைக்குப் போய், திமிசு போட்டதில் இறுகியது. கூரையைத் தாங்கிய பனஞ்சட்டங்கள் வைரம் பாய்ந்தவை. அடுப்புப் புகை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன; உளி வைத்தால் உளிதான் மழுங்கும். அவை பீர்க்கங்காய்ப் பந்தலுக்குக் கால்கள் ஆயின. உடைந்த ஓட்டுச் சில்லு தொட்டிகளின் அடியில், தண்ணீர் வடிய. ஓட்டைப் பானைகளின் துளையில் துணித்திரி செருகி எலுமிச்சைக் கன்றுகளின் பக்கத்தில் புதைத்தோம். நிரப்பிவிட்டால் பானை தானே கசியவிட்டுக்கொள்ளும்.

ஆட்டுக்கல்லில் பூச்செடி வைக்கலாம் என்று அத்தை சொன்னதற்கு, “தண்ணி எங்க போவும்?” என்று அம்மா கேட்டாள். அந்தக் குழியில் இன்று தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் குளித்து, கூட்டமாகச் சண்டை போடுகின்றன.

இப்படி இடிசலில் தோட்டம் போட்ட சண்டிகரின் நேக் சந்த் என்பவரைப் பற்றிச் சித்தப்பா அடிக்கடி சொல்வார். நேக் சந்த் சாலை ஆய்வாளராக இருந்தவர். புது நகரத்துக்காக இடித்த ஊர்களின் மிச்சங்களை 1950களின் கடைசியிலிருந்து சைக்கிளில் பொறுக்கி வந்து, யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் ஒரு தோட்டம் அமைத்தார். அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்திருக்க வேண்டும். மாறாக 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உடைந்த வளையலிலும் பீங்கானிலும் அவர் செய்த பொம்மைகளின் படத்தை அம்மாவிடம் காட்டினார் சித்தப்பா. உற்றுப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. கத்தரிக்கா எங்க போட்டாரு?” என்றாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் பழைய தூணும் கதவும் அலங்காரமாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். எங்கோ ஒரு வீடு பிரிந்த கதை அதில் இல்லை. விலை மட்டும் இருக்கிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டபோது ஆறு புழக்கடைக்குள் வந்தது. ஓலை வேலி போன இடம் தெரியவில்லை. வாழை சாய்ந்தது. செங்கல் வரப்பு வண்டலுக்கு அடியில் இருந்தது. மண்வெட்டியால் தேடித் தேடி எடுத்துக் கழுவினோம். ஆறு விட்டுப்போன வண்டலை அள்ளி வெளியே கொட்டலாமா என்று வேலைக்கு வந்த பையன் கேட்டான். அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பொங்கலுக்கு முன்பே அதில் முளைக்கீரை பறித்தாயிற்று.