என் ஃபோல்டர், எனக்கே அனுமதி இல்லை

நேற்று ராத்திரி பேக்கப் எடுக்க உட்கார்ந்தேன். பாட்மேன் கன்டெய்னரில் ஓடுகிற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். டேட்டா ஃபோல்டர் என் லேப்டாப்பில், என் ஹோமுக்குள்ளேயே இருக்கிறது. திறந்தால் 'பர்மிஷன் டினைட்'. சொந்த வீட்டில் திண்ணையோடு நிறுத்திவிட்ட மாதிரி!

எரிச்சலில் சுடோ போட்டு மொத்தத்தையும் என் பெயருக்கு மாற்றினேன். ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் சற்று நேரத்தில் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று புலம்ப ஆரம்பித்துவிட்டது.

அப்புறம்தான் புத்தி வந்தது. கெர்னல் யூசரின் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கும். கன்டெய்னருக்குள் போஸ்ட்கிரெஸ் யூசரின் எண் 999. ரூட் இல்லாமல் ஓட்டினால் உள்ளே இருக்கும் 0 வெளியே நான், அதாவது 1000. உள்ளே 1 என்றால், என் லேப்டாப்பின் அமைப்பில் வெளியே 100000. அப்படியே எண்ணிக்கொண்டு போனால் 999 வெளியே 100998. அந்த எண்ணில் என் லேப்டாப்பில் ஆளே கிடையாது. பிறகு எப்படித் திறக்கும்?

'பாட்மேன் அன்ஷேர்' போட்டு உள்ளே போனால் 100998 மறுபடி 999 ஆகத் தெரிகிறது. அங்கிருந்தே உரிமையை 999க்குத் திருப்பிக் கொடுத்தேன், டேட்டாபேஸ் எழுந்தது. பேக்கப்பை பிஜி-டம்ப்பில் எடுத்தேன். முதலிலேயே அதைச் செய்திருந்தால் ஃபோல்டர் பக்கமே போயிருக்க வேண்டாம்.

(ஃபெடோராக்காரர்களுக்கு: எண் சரியாக இருந்தும் மறுத்தால் எஸ்இலினக்ஸைச் சந்தேகப்படுங்கள்.)

யாராவது 777 போடச் சொன்னால் கேட்காதீர்கள். எல்எஸ் கட்டளையோடு 'என்' சேர்த்து ஓட்டி, முதலில் எண்ணைப் பாருங்கள்.