பின்னால் வருபவர் யார் பொறுப்பு?

தமிழ்நாட்டில் வருடக்கணக்கில் கார் ஓட்டியவர்கள் பிரிட்டனுக்குக் குடிவந்து, டிரைவிங் டெஸ்ட்டில் முதல் முறை தோற்றுப்போவது இங்குள்ள நம்மவர்களிடையே அடிக்கடி அடிபடும் பேச்சு. இரண்டு நாட்டிலும் ஸ்டீயரிங் வலப்பக்கம்தான், வண்டி போவது இடப்பக்கம்தான். கிளட்ச், கியர் எதுவும் புதிதல்ல. தோற்றதற்குக் காரணம் கேட்டால், மிரர் பார்க்கவில்லை என்று தேர்வாளர் நொட்டை சொல்லிவிட்டார் என்பார்கள். அது நொட்டையல்ல, பரீட்சையின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. இன்னொன்றும் சொல்வேன்: ஊரில் கார் பக்கமே போகாமல், முதல் லைசன்ஸையே இந்த நாட்டில் வாங்குபவர் ஒருவகையில் கொடுத்துவைத்தவர். அவருக்குக் கற்க மட்டுமே வேண்டியிருக்கிறது. மறக்க எதுவும் இல்லை.

நம் ஊர் லாரிகளின் பின்புறம் ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதியிருப்பதை வேடிக்கையாகப் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு முழுப் போக்குவரத்து முறையின் சுருக்கம். பின்னால் வருபவர் தான் வருவதைச் சொல்ல வேண்டும். முன்னால் போகிறவர் காதால் தெரிந்துகொள்வார். பைக்கின் மிரரை மடக்கிவிட்டு ஓட்டுகிறவரை முழு அலட்சியக்காரர் என்று சொல்லிவிட முடியாது. தனக்குத் தேவையான செய்தி ஹாரன் வழியே வந்து சேரும் என்ற நம்பிக்கையில் அவர் போகிறார். பிரிட்டனின் சாலைவிதி நூலோ, அபாயம் நேர்ந்தாலொழிய நின்றிருக்கும் வண்டியில் ஹாரன் அடிக்கக் கூடாது என்கிறது. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 வரை வண்டி ஓடும்போதும் கூடாது. மற்ற நேரத்தில் அடித்தால் அதை வசவாக எடுத்துக்கொள்வார்கள். காதுக்கு வேலை இல்லாத சாலையில் அந்த வேலை முழுவதும் கண்ணுக்கு வந்து சேர்கிறது. தன் பின்னாலும் பக்கத்திலும் யார் வருகிறார்கள் என்பதை அறிய வேண்டிய பொறுப்பு முன்னால் இருப்பவருடையது. அதனால்தான் வேகத்தைக் குறைக்குமுன், கூட்டுமுன், திரும்புமுன் மிரர் பார்த்தாயா என்று தேர்வாளர் ஒவ்வொரு தடவையும் கவனிக்கிறார். ஹெட்லைட் விஷயம் இன்னும் சுவாரசியமானது. நம் ஊரில் எதிரே வருபவர் லைட்டை அடித்துக் காட்டினால் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று பொருள். இரண்டு பக்கமும் கார்கள் நிறுத்தப்பட்டு, ஒரு வண்டி மட்டுமே நுழையக்கூடிய லண்டன் தெருக்களில் அதே வெளிச்சத்துக்கு ‘நான் நிற்கிறேன், நீ வா’ என்பதே வழக்கத்தில் பொருள். விதி நூல் இரண்டையும் ஏற்பதில்லை. நான் இங்கிருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே லைட்டைச் சிமிட்டலாம் என்கிறது. சாலையில் விதி வேறு, வழக்கம் வேறு என்பது நம் நாட்டின் தனிச்சொத்தல்ல என்று தெரிவதில் ஒரு சின்ன ஆறுதல்.

பரீட்சையின் அமைப்பைப் பார்த்தால் இந்தக் கண் வேலைக்கு எவ்வளவு இடம் தந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். 1996-இல் தனியான கோட்பாட்டுத் தேர்வு வந்தது. இப்போது 50 கேள்விகள், 43 சரியாக இருக்க வேண்டும். 2002-இல் அதோடு ஆபத்தை முன்னுணரும் வீடியோத் தேர்வும் சேர்ந்தது. 14 காட்சித் துண்டுகள் ஓடும். ஓரமாக நிற்கும் காரின் முன்சக்கரம் லேசாகத் திரும்புவதைப் போன்ற ஏதோ ஒன்று ஆபத்தாக மாறத் தொடங்கும் கணத்தில் கிளிக் செய்ய வேண்டும். சீக்கிரம் கண்டால் ஐந்து மதிப்பெண், தாமதமானால் குறைந்துகொண்டே வரும். எதற்கும் இருக்கட்டும் என்று விடாமல் அழுத்தினால் அந்தத் துண்டுக்குப் பூஜ்யம். மொத்தம் 75-க்கு 44 எடுக்க வேண்டும். அதன்பிறகுதான் சாலையில் ஏறத்தாழ 40 நிமிடத் தேர்வு. அதில் 15 சிறு தவறுகள் வரை மன்னிப்பு உண்டு. பெரிய தவறு ஒன்றே ஒன்று என்றாலும் தோல்வி. நம்மவர்களைத் திகைக்க வைப்பது, தேவையில்லாமல் தயங்குவதும் தவறாக எழுதப்படுவதுதான். ரவுண்டானாவில் தனக்கு வழி இருந்தும், மரியாதைக்காக நின்று அடுத்தவரைப் போகச் சொன்னால் பின்னால் வருபவர் குழம்புவார். வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்று 1966-இல் விதி செய்தபிறகு ரவுண்டானா முழுவதும் ஒரே எதிர்பார்ப்பில் சுழல்கிறது. சுவிண்டன் நகரில் ஐந்து சிறு ரவுண்டானாக்களைக் கோத்து 1972-இல் ஒரு பெரிய ரவுண்டானா கட்டினார்கள். படத்தில் பார்த்தாலே தலை சுற்றும். காவலர் யாரும் நின்று கைகாட்டாமலே அது இன்றைக்கும் ஓடுகிறது. முன்பின் தெரியாத ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று எல்லோராலும் ஒரேமாதிரி ஊகிக்க முடிவதே அதற்குக் காரணம்.

இதையெல்லாம் பரீட்சையின் பெருமையாகப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். லெஸ்லி ஹோர்-பெலிஷா போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, 1935-இல் டெஸ்ட் கட்டாயமானது. அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 24 லட்சம் வண்டிகளே இருந்த நாட்டில் சாலையில் இறந்தவர்கள் 7,343 பேர். 2022-இல் நான்கு கோடிக்கு மேல் வண்டிகள். இறந்தவர்கள் 1,711 பேர். பிரிட்டனைவிடச் சற்றே கூடுதல் மக்கள்தொகை கொண்ட தமிழ்நாட்டில் அதே ஆண்டு இறந்தவர்கள் 17,884 பேர். இந்த வித்தியாசத்தை முழுக்க டெஸ்ட்டின் கணக்கில் எழுதினால் பொய்யாகிவிடும். 1967-இல் வந்த மூச்சுப் பரிசோதனை, 1983-இல் கட்டாயமான சீட் பெல்ட், நல்ல சாலை, விரைந்து வரும் ஆம்புலன்ஸ், நம் ஊரைப் போல இருசக்கர வண்டிகள் நிறையாத தெரு என்று பங்குதாரர்கள் பலர். ஆனால் அமலாக்கம் பிடித்தபிறகு திருத்துகிறது, சாலையமைப்பு மோதியபிறகு காப்பாற்றுகிறது. மோதலுக்கு முந்தைய மூன்று நொடியில் வேலை செய்வது ஓட்டுபவரின் பார்வை மட்டுமே. நம் ஊரில் எட்டு போட்டுக் காட்டி வாங்கும் உரிமம் கையும் காலும் ஒத்துழைப்பதைச் சோதிக்கிறது. அந்த மூன்று நொடியைச் சோதிப்பதில்லை.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே 12 மாதம் தாராளமாக ஓட்டலாம். அது முடிந்த மறுநாள், அதே ஆள் அதே காரில் எல் பலகை கட்டிக்கொண்டு, 21 வயது நிறைந்து மூன்று வருடமாவது உரிமம் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர் என்று ஒரு பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து வருபவரோ டெஸ்ட் இல்லாமலே உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த 12 மாதச் சலுகைக்குத் தர்க்கம் கிடையாது; விருந்தாளிக்குக் காட்டும் தாட்சண்யம் குடிவந்தவருக்கும் நீள்கிறது, அவ்வளவுதான். பட்டியலில் இல்லாததைப் பற்றி மட்டும் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. நம் ஆர்டிஓ அலுவலக வாசலை அறிந்தவர் யாருக்கும் வராது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். கற்பவர் சராசரியாக 45 மணி நேரப் பாடம் எடுக்கிறார் என்று அரசே சொல்கிறது. அந்தச் செலவுக்குமேல் வார நாள் டெஸ்ட்டுக்கு 62 பவுண்ட். பணம் இருந்தாலும் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகிறது. முன்பதிவு இடங்களை வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்கும் கூட்டம் வேறு. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கு லைசன்ஸ் இல்லாவிட்டால் பல இடங்களில் வேலையே இல்லை. காத்திருக்க முடியாத இவர்கள்தான் அதிகம் காத்திருக்கிறார்கள். மொழி விஷயமும் இருக்கிறது. 2014 ஏப்ரல் வரை கோட்பாட்டுத் தேர்வை 19 அயல்மொழிகளின் குரல்வழியில் எழுத முடிந்தது. தமிழும் அவற்றில் ஒன்று. மோசடிக்கு இடம் தருகிறது, ஆங்கிலம் தெரியாதவர் சாலைப் பலகையை எப்படிப் படிப்பார் என்று காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்துவந்ததில் மோசடி நடந்தது உண்மைதான். பதிவுசெய்த குரலில் மோசடிக்கு வழி ஏது? முக்கோணமும் வட்டமுமாகப் பெரும்பாலான எச்சரிக்கைகளைப் படத்தில் சொல்லும் நாடு இது. முன்சக்கரம் திரும்புவதைக் காணத் தமிழ்க் கண்ணே போதும். பரீட்சை சோதிக்க வேண்டியது பார்வையை என்றால், தமிழ்க் குரலை நிறுத்தியது பரீட்சைக்கே விரோதம்.

கடுமை குறைய வேண்டியது இந்த வாசல்களில்தான், மிரரில் இல்லை. உள்ளேயோ கடுமை போதாது என்றே சொல்வேன். மணிக்கு 70 மைல் ஓடும் மோட்டார்வே டெஸ்ட்டில் வருவதில்லை. கற்பவர் அங்கே பயிற்றுநருடன் போக அனுமதி கிடைத்ததே 2018-இல்தான். இருட்டில் ஓட்டிக் காட்டவும் தேவையில்லை. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ஒரே தடமாக ஓடும் சாலைகளில், ஒதுங்குமிடம் பார்த்து எதிரே வருபவருக்கு வழிவிட்டுப் போக வேண்டும். லண்டனில் தேறியவர் அதை அங்கே போய்த்தான் பார்க்கிறார். இந்த இடைவெளி சட்டம் செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 1997 முதல், தேறிய இரண்டு வருடத்துக்குள் ஆறு தண்டப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்து. பிறகு எல் பலகையை மறுபடி கட்டி, இரண்டு தேர்வையும் முதலிலிருந்து எழுத வேண்டும். உள்ளூரில் பிறந்தவருக்கும் இதே விதிதான்.