கடைசியில் சில வெற்றுப் பக்கங்கள்

வாரப் பத்திரிகையில் துணுக்கு எழுதுகிறவர்களின் பெயர் அச்சாகும் விதம். பெயர், கமா, ஊர். வயது கிடையாது. வேலை கிடையாது. தெரு கிடையாது.

'ராஜபாளையம்' என்று அச்சில் பார்த்தால் கண் அங்கேயே நின்றுவிடும். யாராயிருக்கும்? சம்மந்தபுரமா, மலையடிப்பட்டியா, முடங்கியார் ரோடா?

தேடிப்போக வழியில்லை. அடுத்த வாரமும் அந்தப் பெயர் வருகிறதா என்று பார்க்கலாம். வந்தால் ஒரு நிம்மதி. ஆள் நன்றாக இருக்கிறார்.

எண்பதுகளில் அஞ்சலட்டை 15 காசு. ஓர் அட்டைக்கு ஒரு ஜோக். எழுத்து பொடிப்பொடியாக, ஆனால் தெளிவாக. அட்டையில் எழுதிப் பழகிய கை இன்றைக்கும் நீட்டி எழுதாது.

சன்மானம் மணியார்டரில் வரும். தபால்காரர் எண்ணிக் கொடுப்பார். ஃபாரத்தின் அடித்துண்டு நமக்கு. பணம் அன்றைக்கே செலவாகிவிடும். அடித்துண்டை இன்னும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இலங்கை வானொலி. பாட்டை விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர்களை ஊரோடு வாசிப்பார்கள். வரிசையாக, நிதானமாக, ஒரு பெயரையும் விழுங்காமல். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று சொல்வார். தெருவே நிமிர்ந்து கேட்கும்.

பேனா நண்பர்கள் பகுதி. பொழுதுபோக்கு என்ற இடத்தில் பலரும் போட்டது: கடிதம் எழுதுதல்.

*

கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரே ஒரு பிரதி. எழுத்து அழகாக உள்ளவர் எல்லோருடைய கதையையும் உட்கார்ந்து எழுதுவார். வரையத் தெரிந்தவர் தலைப்புகளுக்கு நிழல் கொடுப்பார். பிறகு அது வீடு வீடாகப் போகும்.

கடைசியில் சில பக்கங்களை வெறுமனே விட்டிருப்பார்கள். படித்தவர்கள் எழுதுவதற்கு.

அந்தப் பக்கங்கள்தான் முதலில் அழுக்காகும்.

பச்சை மையில் ஒரு வரி கிடக்கும். கதையில் அப்பா ஏன் பேசவே இல்லை என்று. கீழே பெயர் இருக்காது. கதை எழுதியவர் அந்தக் கேள்வியை வருடக்கணக்கில் சுமப்பார்.

எத்தனை கதைகள் அந்த ஒரு வரியால் இரண்டாவது கதை ஆகியிருக்கும்.

இன்லண்ட் லெட்டரில் கவிதை இதழ் நடத்தியவர்கள் உண்டு. மடித்து ஒட்டினால் இதழ். பிரிக்கும்போது ஓரம் கிழிந்தால் ஒரு வரி போச்சு.

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிக்கு மேல் போடுவதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். 119 இதழ்கள் வந்தன. கணக்கு வைத்துக்கொண்டு வாசகரைத் தேடிய மனிதர்.

*

பென்னிங்டன் நூலகம், ஸ்ரீவில்லிபுத்தூர். 1875.

அன்றைக்கு இந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம். 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம். 1985-ல் காமராசர் மாவட்டம். இப்போது விருதுநகர் மாவட்டம். மேல்விலாசம் மாறிக்கொண்டே இருந்தது. நூலகம் இருக்கிறது.

வாசகசாலைகளில் ஒரு வழக்கம். ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். பேச்சு இல்லை. தாள் கைமாறும்போது ஒரு தலையசைப்பு. வருடக்கணக்காக அவ்வளவுதான் பழக்கம். ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரும் வாசலைப் பார்ப்பார்கள்.

பூ.ச. குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சர். பிறகு ஒரிசா ஆளுநர். ராஜபாளையத்தில் இருந்த தன் வீட்டைக் கலைகளுக்கென்று கொடுத்துவிட்டார். காந்தி கலை மன்றம்.

பணம் கொடுக்கலாம், பட்டம் கொடுக்கலாம். வீட்டைக் கொடுத்தவர் வேறு எதையோ புரிந்துவைத்திருக்கிறார். உட்கார ஓர் இடம் வேண்டும்.

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு மாலை முழுக்க அதையே சொல்லிச் சொல்லிப் பார்ப்பார்களாம். தொட்டி என்றால் வீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றம். அவ்வளவுதான் கட்டடம்.

இடைசெவல். கோவில்பட்டிக்குத் தெற்கே. ஒரே கிராமத்தில் இரண்டு எழுத்தாளர்கள், கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன். ஒருவர் சென்னைக்குப் போனார், பிறகு மலாயாவுக்குப் போனார். இன்னொருவர் ஊரில் கரிசலோடு இருந்தார். நடுவில் கடிதங்கள் ஓடின.

அழகிரிசாமிக்கு 1970-ல் சாகித்திய அகாதெமி பரிசு. அவர் மறைந்த பிறகு. கி.ரா.வுக்கு 1991-ல்.

பரிசுகளுக்கு நடுவே 21 வருடம். கடிதங்கள் அதற்கெல்லாம் முந்தியவை.

*

ராஜபாளையத்து மு.கு. ஜகந்நாதராஜா. வீட்டில் தெலுங்கு. எழுத்து தமிழிலும் தெலுங்கிலும். பிராகிருதம் வரை போனவர்.

கிருஷ்ணதேவராயர் 16-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் எழுதிய காவியம் ஆமுக்தமால்யதா. கதை நடப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பெரியாழ்வாரும் ஆண்டாளும். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த ஜகந்நாதராஜா. 1989-ல் மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதெமி பரிசு.

விஜயநகரம் போய்த் திரும்பிய கதை. டவுன் பஸ்ஸில் ஏறினால் அரை மணியில் கதை நடந்த இடம்.

அவர் தமிழாக்கிய இன்னொன்று, காதா சப்த சதி. பிராகிருதத்தில் எழுநூறு சின்னப் பாட்டுகள். ஹாலன் என்ற சாதவாகன அரசன் தொகுத்தது. எழுதியவர்கள் பலர், பெண்களும் உண்டு. வயல், ஆறு, பக்கத்து வீடு, சண்டை. இவற்றை ஓர் அரசன் சேகரித்திருக்கிறான்.

கொ.மா. கோதண்டமும் ராஜபாளையத்துக்காரர். 2012-ல் 'காட்டுக்குள்ளே இசைவிழா'வுக்கு பால சாகித்திய புரஸ்கார். மனைவி ராஜேஸ்வரி கோதண்டமும் எழுத்தாளர். ஒரே வீட்டில் முதல் வாசகர்.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. வெளியே தேட வேண்டியிருக்கிறது.

*

குறுந்தொகையில் பாடியவர்கள் இருநூறுக்கு மேல். சிலருக்குச் சொந்தப் பெயரே நமக்கு வந்து சேரவில்லை. பாட்டில் இருந்த சொல்லையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார். மீனெறி தூண்டிலார். அணிலாடு முன்றிலார்.

எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் சேர்ந்த எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவருக்கு மழையின் பெயர். ஒருவருக்குப் பறவையின் பெயர். நிஜப் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. படத்தைப் பார்த்ததும் இன்னார் கோடு என்று தெரிகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய செண்பகத்தோப்புப் பக்கம் நரை அணில். அதற்கென்றே 1988-ல் சரணாலயம் அறிவித்தார்கள். பூனை அளவு இருக்கும். உயர மரத்திலேயே வாழ்க்கை. அதை நேரில் பார்த்து வரைய ஒருவர் போய்க்கொண்டே இருக்கிறார். அவர் போடும் படங்களில் பாதி வெறும் வால். மீதி இலை.

வால் நன்றாக வந்திருக்கிறது. சொன்னேன்.

சத்திரப்பட்டிக்காரர் ஒருவர் கவிதையைக் குரல் பதிவாகத்தான் அனுப்புவார். பின்னால் விசைத்தறி ஓடுகிறது. காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற தறி. வரி முடியும் இடத்தில் அவர் நிறுத்துகிறார், தறி நிறுத்துவதில்லை.

தறிச் சத்தத்தை எடுத்துவிட்டு அனுப்பலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் எழுதினார்கள்.

மில்லில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவரின் படம் நள்ளிரவுக்கு மேல்தான் வரும். பால்பாயின்ட் பேனா. ரசீதின் பின்பக்கம். முன்பக்கத்து எழுத்து லேசாகத் தெரியும். படத்துக்குள் தலைகீழாக எண்கள்.

காலையில் முதலில் பதில் எழுதுகிறவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். 'தம்பி, வண்டிச் சக்கரத்துக்கு அச்சாணியைக் காணோமே' என்றார் ஒருமுறை.

மறுநாள் இரவு அதே வண்டி. அச்சாணியோடு.

நூறு 'சூப்பர்' சேர்ந்தாலும் அந்த அச்சாணி வந்திருக்காது.

*

கோல நோட்டு. 15 புள்ளி, 8 வரை, ஊடு புள்ளி. மொத்தம் 169 புள்ளிகள். யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை, ஆனால் ஒன்று குறைந்தால் கைக்குத் தெரிந்துவிடும்.

கோல நோட்டுகளின் ஓரத்தில் பெயர்கள் இருக்கும். கமலா மதினி கோலம், மேல வீட்டு அக்கா கோலம். யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயர். வரைந்தவர் பெயர் இல்லை.

மார்கழியில் குழுவில் கோலப் படங்கள் விடிவதற்குள் வந்துவிடும். படத்தின் விளிம்பில் சில சமயம் ஒரு கால்விரல். கோலமாவு ஒட்டிய விரல்.

ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாட்டு. அதில் ஆறிலிருந்து பதினைந்து வரை, பத்துப் பாட்டு தோழிகளை எழுப்புவதற்கே போகிறது. மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, ஒவ்வொருத்திக்கும் தனித்தனிப் பாட்டு.

தனியாகப் போயிருக்கலாம். போகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். இலைகளால் உடம்பு, மாதுளம்பூவால் மூக்கு. நாளைக்கு வேறு கிளி.

ஸ்டேட்டஸில் வைத்த படம் 24 மணி நேரத்தில் போய்விடும். அதற்காக யாரும் குறைத்து வரைவதில்லை. இதை நான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். பதினோரு நிலை, 192 அடி. பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தால் தாளுக்குள் அடங்காது. தள்ளிப் போனால் மின்கம்பி குறுக்கே வரும். குழுவில் வந்த கோபுரங்களில் கலசம் இருப்பது குறைவு. கம்பியை விடாமல் வரைந்தவர் ஒருவர். அந்தப் படத்தில்தான் நம் ஊர் தெரிகிறது.

சியாட்டில் நகரத்துப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ 2007-ல் 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கினார். நேரில் இருந்து பார்த்து வரைய வேண்டும், இடத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சேர்ந்து உட்கார்ந்து வரைவார்கள். முடிந்ததும் நோட்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் திருமுக்குளத்துப் படிக்கட்டு அதற்கு நல்ல இடம். குழுவில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

*

மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரமும், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்களும். பழைய நூல்களைத் தட்டச்சு செய்து எவரும் எடுத்துப் படிக்கும்படி வைத்தார்கள். கூலி இல்லை. பலர் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு நூலின் தொடக்கத்திலும் சில வரிகள். தட்டச்சு செய்தவர் பெயர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர். பக்கத்தில் ஊரோ நாடோ. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் அங்கே கொஞ்சம் நிற்பேன்.

ஒருவர் இரவெல்லாம் தட்டிய நூலில் இன்னொருவர் ஒற்றுப்பிழை தேடியிருக்கிறார். இதைவிடக் கவனமான வாசிப்பு எது?

மெய்ப்புப் பார்ப்பவரைக் குறை சொல்கிறவர் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கடைசி எழுத்து வரை கூட வந்தவர் அவர் ஒருவர்தான்.

சிறுகதை எழுத்தாளர் வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்தவர். அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் 'எல்லோருக்கும் அன்புடன்' என்று புத்தகமாகவே வந்தன. கதைகளுக்குச் சமமாக அவற்றையும் வைத்துப் படிக்கிறோம்.

பதில் எழுதுவதும் எழுத்துதான்.

குழுவில் ஒரு பெண் மூன்று பக்கக் கதை போட்டார். இரண்டு நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பண்டிகை நேரம். மூன்றாம் நாள் கதையை நீக்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் மற்றவர்கள் படத்துக்குக் கைகூப்பிய குறி மட்டும் போடுகிறார். கதை இல்லை.

அந்தக் கதையில் ஒரு கிழவி பஞ்சு மார்க்கெட்டில் சிந்திய பஞ்சைப் பொறுக்கித் தலையணை செய்வாள். படித்தவர்கள் இருந்தார்கள். சொன்னவர்கள் இல்லை.

உங்கள் போனிலும் அப்படி ஒரு கதை, ஒரு படம், ஒரு குரல் பதிவு பதில் இல்லாமல் கிடக்கும். திறந்து முழுதாகப் பாருங்கள். எது பிடித்தது, எந்த இடத்தில் நின்றீர்கள், எது புரியவில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். இன்றைக்கே அனுப்புங்கள். மூன்றாம் நாள் தாமதம்.