தட்டை மாற்றிப் போட்டுப் பார்

தாயி,

பொங்கலுக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து நீ சொன்ன ஒரு பேச்சு இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. "எல்லாரும் கட்டுறாங்க தாத்தா, நான் தட்டிப் பாக்குறேன். அவ்வளவுதான் என் வேலை" என்றாய். அப்பத்தா வைத்துவிட்டுப் போன காப்பி ஆறிப்போகும்வரை நீ நிமிரவே இல்லை. அன்றைக்கு எனக்குப் பதில் வாயில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் வேலை எனக்குப் புரியாதது இல்லை. முப்பது வருஷம் மைக்ரோபிராசசர் லேபில் நின்றவன் நான். தப்பாக ஓடும் புரோகிராமை நிறுத்தி, உள்ளே நடப்பதைத் திறந்து காட்டுகிற கருவி டிபக்கர். அது காட்டுவது உண்மைதானா என்று பார்க்கும் சோதனைகளை நீ எழுதுகிறாய். அதிலும் ஒவ்வொரு செயலிக்கும் உரிய தனிக்குணம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தொட்டுப் பார்க்கும் சோதனைகள். இது சின்ன வேலை என்று உனக்கு யார் சொன்னது?

என் அய்யா செக்கானூரணியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். முத்திரை குத்தின தராசு. ஆனாலும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை தராசைப் பார்ப்பதுதான். வெறுந்தட்டு இரண்டும் சமமாக நிற்கும். அதோடு விடமாட்டார். ஒரு தட்டில் எடைக்கல், மறு தட்டில் பருப்பு வைத்துச் சமமாக்குவார். பிறகு கல் இருந்த இடத்தில் பருப்பு, பருப்பு இருந்த இடத்தில் கல். "வெறுந்தட்டு பொய் சொல்லும்டா. கோலுல ஒரு கை நீளமா இருந்து, அந்தப் பக்கத் தட்டு லேசா இருந்தா, சும்மா இருக்கயில சமமாத்தான் நிக்கும். மாத்திப் போட்டாத்தான் சாயும்" என்பார். பத்து வயதில் கேட்டதை நாற்பது வயதுவரை நான் புரிந்துகொள்ளவில்லை. புரிய வைத்தது ஒரு மாணவன்.

1990களின் தொடக்கம். எங்கள் லேபில் இருந்ததெல்லாம் 8085 பலகைகள். இரண்டு பலகை பழுதாகிவிட, இசட்-80 செயலி போட்ட பழைய பலகை ஒன்று கிடைத்தது. இரண்டும் இன்டெல் 8080-இன் வழி வந்தவை. ஒன்றுக்கு எழுதியது மற்றதில் பெரும்பாலும் அப்படியே ஓடும். ரிஜிஸ்டர்களையும் ஃபிளாக்குகளையும் காட்டுகிற ஒரு சின்ன மானிட்டர் புரோகிராமை 8085-க்கு நானே எழுதி வைத்திருந்தேன். இன்றைய டிபக்கருக்குப் பாட்டன் என்று வைத்துக்கொள். அதை இசட்-80 பலகையில் ஏற்றினேன். 'அண்ட்' கணக்கு இரண்டு மூன்று போட்டுப் பார்த்தேன். விடையில் உள்ள 1-கள் இரட்டைப்படையா என்று சொல்லும் பேரிட்டி ஃபிளாக் சரியாக வந்தது. லேபுக்குக் கொடுத்துவிட்டேன்.

செய்முறைத் தேர்வு வந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் அந்தப் பலகையில் உட்கார்ந்தான். பதினாறடிமான எண்ணில் 7எஃப்-உடன் 01-ஐக் கூட்டி ஃபிளாக்குகளை எழுத வேண்டும். விடை 80. அதை இரும எண்ணாக எழுதினால் ஒரே ஒரு 1. ஒற்றைப்படை. ஆகவே பேரிட்டி 0 என்பது என் மனப்பாடம். அவன் 1 என்று எழுதியிருந்தான். "பார்க்காம எழுதுனியா?" என்று கேட்டேன். "சார், போர்டுல அப்படித்தான் காட்டுச்சு" என்றான். நான் நம்பவில்லை. மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த பிரிவுக்குத் தயாராகும்போது அதே கணக்கை இரண்டு பலகையிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். 8085-இல் 0. இசட்-80-இல் 1. கையேட்டைப் புரட்டினேன். இசட்-80-இல் அந்த ஃபிளாக்குக்கு இரண்டு வேலை. 'அண்ட்', 'ஆர்' போன்ற கணக்குகளில் அது பேரிட்டியைக் காட்டும். கூட்டல் கழித்தலில், குறியோடு கூடிய எண் எல்லை மீறியதா என்பதைக் காட்டும். 7எஃப் என்றால் 127. அதனோடு 1 சேர்த்தால் எல்லை மீறத்தான் செய்யும், அதனால் ஃபிளாக் 1. பையன் எழுதியது சரி. நான் சோதித்தது இரண்டு செயலியும் ஒத்துப்போகிற இடத்தில் மட்டும். வெறுந்தட்டைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தியிருக்கிறேன்.

பஸ் ஏறி அவன் ஊருக்குப் போனேன். கண்மாய்க் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "சார், நான் கண்ணால பார்த்தது சரியா தப்பான்னு எனக்கே அன்னைக்குச் சந்தேகமாப் போச்சு. அதுக்கப்புறம் லேப்ல எதைப் பார்த்தாலும் நம்ப முடியல" என்றான். அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. காட்டுகிற கருவியைச் சரியாகச் சோதிக்காமல் விட்டால் கணக்கு மட்டும் கெடுவதில்லை. சரியாகப் பார்த்தவன் தன் கண்ணையே நம்பாமல் போகிறான். உன் வேலை எதைக் காப்பாற்றுகிறது என்று யாராவது கேட்டால், அந்தப் பையனின் கண்ணை நினைத்துக்கொள்.

இப்போது உன் காலத்துக்கு வருவோம். நீ தொடுகிற ஜிடிபி டிபக்கரை ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதியது 1986-இல். எத்தனையோ செயலிகளை அது அறிந்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். எக்ஸ்86 செயலியில் பிரேக்பாயின்ட், அதாவது புரோகிராமை நிறுத்த டிபக்கர் வைக்கும் கட்டளை, ஒரே பைட். அதில் முட்டி நின்றதும், அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி ஒரு பைட் தாண்டி நிற்கும். டிபக்கர் ஒன்றைக் கழித்துச் சரிசெய்ய வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் செயலியில் முகவரி நின்ற இடத்திலேயே இருக்கும். எக்ஸ்86 பழக்கத்தில் இங்கேயும் கழித்தால், முந்தைய கட்டளையின் நடுவில் போய் விழுவோம்.

அந்த ரிஸ்க்-ஃபைவ் 2010-இல் பெர்க்லியில் தொடங்கியது. உரிமக் கட்டணம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் அந்தக் கட்டளைத் தொகுப்பில் செயலி செய்யலாம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு வடிவமைத்த 'சக்தி' செயலி 2018-இல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது உனக்கே தெரியும். செய்கிற கைகள் பெருகப் பெருகக் குணங்களும் பெருகும். சோதனை எழுதுகிறவளின் தேவையும் பெருகும்.

நீ எனக்குக் காட்டிய சோதனை ஒன்று நினைவிருக்கிறதா? ரிஸ்க்-ஃபைவில் வழக்கமான கட்டளை 4 பைட், சுருக்கிய கட்டளை 2 பைட். சுருக்கிய கட்டளையின் மேல் 4 பைட் பிரேக்பாயின்ட்டை வைத்தால் அடுத்த கட்டளையையும் அது விழுங்கிவிடும். ஆனால் நேராக ஓடிவரும் புரோகிராம் முதல் கட்டளையிலேயே நின்றுவிடும். டிபக்கர் பழையதைத் திருப்பி வைத்து ஓட்டும். எல்லாம் சரியாகத் தெரியும். பக்கவாட்டில் இருந்து இரண்டாவது கட்டளைக்குத் தாவி வரும் புரோகிராமை நீ எழுதினாய் பார், அப்போதுதான் குட்டு வெளிப்படும். அதைப் பார்த்தபோது எனக்கு அய்யாவின் கடை வாசல் ஞாபகம் வந்தது. தட்டை மாற்றிப் போட உனக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருக்கிறது.

இந்த வேலையிலிருந்து வாழ்க்கைக்கு நீ எடுத்துக்கொள்ள வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஒருவரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஊரோடு ஒத்துப்போகிற இடத்தில் பார்க்காதே, வேறுபடுகிற இடத்தில் பார். திருமங்கலம் கரிசலில் உழுகிற பதத்தை மேலூர்ச் செம்மண்ணில் எதிர்பார்க்கிறவன் சம்சாரி இல்லை. நாளைக்கு உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள். ஒருவனுக்குச் சரியாக வந்த அளவுகோலால் இன்னொருவனை அளக்கும் முன், எந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேள். நான் கேட்கத் தவறினேன்.

சிலவற்றை நடுவில் நிறுத்திப் பார்க்கக் கூடாது. ஓர் இடத்தைப் பிடித்து வைத்துப் படித்து, பிடி விடாமல் எழுதி முடிக்கும் கட்டளை ஜோடி உன் செயலியில் உண்டு. ஒவ்வொரு அடியாக நிறுத்திப் பார்த்தால் பிடி விட்டுப்போகும், எழுத்து தோற்கும், புரோகிராம் திரும்பத் திரும்ப முதலிலிருந்தே சுற்றும். அதனால் நல்ல டிபக்கர் அந்தத் துண்டை முழுசாக ஓடவிட்டு, முடிந்த இடத்தில் நிறுத்தும். துக்கத்தில் இருப்பவர் பேசும்போதும் அப்படித்தான். குறுக்கே கேள்வி கேட்காதே. முடிக்க விடு.

இன்னொன்று, முடிவை உள்ளபடி எழுதுவது. ஜிடிபி சோதனையில் 'பாஸ்', 'ஃபெயில்' என்ற இரண்டோடு கணக்கு தீர்ந்துவிடுவதில்லை. இந்தச் செயலியில் அந்த வசதியே இல்லையென்றால் 'அன்சப்போர்ட்டட்'. சோதிக்கவே முடியவில்லையென்றால் 'அன்டெஸ்டட்'. குறை டிபக்கருக்கு வெளியே, அது ஓடும் சூழலில் இருந்தால் 'எக்ஸ்ஃபெயில்'. டிபக்கரிலேயே தெரிந்த குறை இருந்தால் 'கேஃபெயில்', கூடவே அந்தப் பிழையின் பதிவு எண். இந்த நேர்மையை நான் எந்தத் தேர்வுத் தாளிலும் கண்டதில்லை. சோதிக்காததை 'பாஸ்' என்று எழுதாதே. குறை உன்னிடம் இருந்தால், என்னிடம்தான் என்று எண்ணோடு எழுதி வை. அந்த இசட்-80 பலகையின் பக்கத்தில் 'கூட்டல் சோதிக்கவில்லை' என்று ஒரு வரி நான் எழுதி வைத்திருந்தால், அந்தப் பையன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருப்பேன்.

கடைசியாக, தினமும் செய். என் கை சலித்த நாளில்தான் 'அண்ட்' கணக்கோடு நிறுத்தினேன். உன் சோதனை தானாக ஓடுவது. கட்டளையைத் தட்டி, பதிலுக்குக் காத்திருந்து, வந்ததைப் பொருத்திப் பார்க்கிறது. ஆயிரமாவது தடவையும் முதல் தடவை மாதிரியே பார்க்கும். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு தடவை ஒரு மனுஷி யோசித்தாக வேண்டும். அந்த மனுஷி நீதான்.

அய்யாவின் தராசு பரணில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு வா, இறக்கித் தருகிறேன். சமமாக நிற்கிறதே என்று அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடாதே. முதலில் தட்டை மாற்றிப் போட்டுப் பார்.

அன்புடன்,
தாத்தா