‘ரெண்டு குச்சி கொண்டா கண்ணு!’ - வெண்ணந்தூரிலிருந்து ஜான்சிபாருக்கு ஒரு பயணம்

வீடியோ கால் கனெக்ட் ஆனதும் அப்புச்சி பேத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் ஆளுயரத்துக்கு நின்ற செடியைத்தான் பார்த்தார்.

“அட, நம்ம குச்சிக்கிழங்கு! தேமலே இல்லாம நிக்குது பாரு. போன செடிகிட்டக் கொண்டு போ கண்ணு.”

பேத்தி நின்றிருந்தது ஜான்சிபாரில். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தான்சானியாவின் தீவு. அப்புச்சி உட்கார்ந்திருந்தது வெண்ணந்தூர் பக்கம், அலவாய்மலை தெரியும் தன் காட்டு வரப்பில். அங்கே மதியம் பன்னிரண்டு மணி, இங்கே இரண்டரை. கிழங்கைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, போனை வைக்கும் நேரத்தில் சாதாரணமாகச் சொன்னார். “வரும்போது ரெண்டு குச்சி கொண்டா கண்ணு. நட்டுப் பாப்போம்.”

அந்த ஒரு வரிக்கு எப்படிப் பதில் சொல்வது என்று யோசிப்பதிலேயே அந்த மாணவிக்குப் பாதிப் பயணம் போய்விட்டது.

அவர் வேளாண் பட்டப்படிப்பு மாணவி. அப்பாவுக்கு வெண்ணந்தூரில் விசைத்தறி. அம்மா வழியில் விவசாயம். கல்லூரி விடுமுறையில் எட்டு வார இன்டர்ன்ஷிப்புக்காக ஜான்சிபார் போனார். பெயரும் போட்டோவும் வேண்டாம் என்பது வீட்டாரின் விருப்பம். அப்புச்சிக்கு மட்டும் தன் காட்டின் போட்டோ வராததில் வருத்தம்.

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக்கிழங்கு என்று நீட்டி முழக்குகிறவர்கள் குறைவு. குச்சியை ஒடித்து நட்டால் வருகிற கிழங்கு, அதனால் குச்சிக்கிழங்கு. தென் அமெரிக்காவில் பிறந்த செடி இது. போர்ச்சுகீசியர்கள் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள், கேரளக் கரைக்கும் கொண்டு வந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் இந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அதன் பிறகு சேலம், ராசிபுரம், ஆத்தூர் சுற்றுவட்டாரம் முழுக்கச் சேகோ ஆலைகள். களத்தில் வெள்ளையாகக் காயும் ஜவ்வரிசியும், ரோட்டோரம் கொட்டிக்கிடக்கும் திப்பியின் புளித்த வாசமும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால், கிழங்கை விளைவிக்கிற ஊர்க்காரர்கள் அதை எத்தனை நாள் சாப்பிடுகிறார்கள்? எப்போதாவது உப்புப் போட்டு வேகவைத்து, எப்போதாவது ஒரு அடை. மற்றபடி லாரி ஏறி ஆலைக்குப் போகிற சரக்கு அது.

ஜான்சிபாரில் அது தலைகீழ். அங்கே அதன் பெயர் ‘முஹோகோ’. அரிசியைப் போல, வாழைக்காயைப் போல அன்றாடச் சாப்பாடு. போன முதல் வாரத்திலேயே தேங்காய்ப் பாலில் வேகவைத்தது, கரியில் சுட்டு மிளகாயும் எலுமிச்சையும் தடவியது என்று மாற்றி மாற்றித் தட்டுக்கு வந்தது. ஒருநாள் இரவு பச்சை நிறத்தில் மசித்த கீரை மாதிரி ஒன்று வந்தது. நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் முறை வாங்கிய பிறகுதான் என்னவென்று கேட்டார். ‘கிசாம்வு’. குச்சிக்கிழங்கு இலை!

மாணவிக்கு ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆடு மேய்ந்தால் செத்துப்போகும் என்று சின்ன வயதிலிருந்து விரட்டச் சொன்ன இலை. பயம் நியாயமானதுதான். இலையில் சயனைடை உண்டாக்கும் நச்சு இருக்கிறது. இளம் இலையை உரலில் நன்றாக இடித்து, நெடுநேரம் கொதிக்கவிடுவதால் அது வெளியேறிவிடுகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “நாளைலருந்து பழமும் பிரெட்டும் மட்டும் சாப்புடு” என்று உத்தரவு வந்தது. அவர் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

தங்கியிருந்தது கிசிம்பானி பக்கம், தீவின் மேற்குப் பகுதியில். கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், மிளகுத் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க வெளிநாட்டுப் பயணிகள் வரும் இடம். கொல்லிமலை மிளகைப் பார்த்து வளர்ந்தவருக்கு மிளகுக்கொடி பெரிய அதிசயமாக இல்லை. ஆனால், கிராம்பு சீசன் அதிசயமாக இருந்தது. பறித்த மொட்டுகளைப் பாயில் பரப்பி வெயிலில் காயவைத்திருந்தார்கள். ஜவ்வரிசிக் களம் ஞாபகம் வந்ததாம். மணம் மட்டும் வேறு.

மொழியைப் பிடிக்க அவ்வளவு நாள் ஆகவில்லை. சுவாஹிலியில் வண்டிக்கு ‘காரி’, கடைக்கு ‘டுகா’, லட்சத்துக்கு ‘லாக்கி’. சப்பாத்தி சப்பாத்தியேதான். பருவக்காற்றைப் பிடித்துப் பாய்மரத்தில் போய் வந்த வணிகர்கள் விட்டுவந்த சொற்கள். பெரியவர்களைப் பார்த்தால் சின்னவர்கள் ‘ஷிகாமூ’ சொல்ல வேண்டும். அதற்கு அவர்கள் ‘மரஹபா’ என்பார்கள். இதைச் சொல்லப் பழகிய நாளிலிருந்து கிராமத்துப் பாட்டிகள் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

கடிகாரம்தான் காலை வாரிவிட்டது. சுவாஹிலி கணக்கில் நாள் சூரியன் உதிப்பதில் தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி, அவர்களுக்கு ஒரு மணி. முதல் திங்கள்கிழமை ‘இரண்டு மணிக்கு வா’ என்று சொன்னதை நம்பி மதியம் வரை காத்திருந்தார். வேலைக்காரர்கள் காலை எட்டுக்கே கிளம்பிப் போயிருந்தார்கள். உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பாட்டன்மாருக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது.

வேலை என்னவோ எளிமையானது, ஆனால் மனதுக்குச் சங்கடமானது. கிராமம் கிராமமாகப் போய், அறுவடையாகும் கிழங்குகளைக் குறுக்கே அறுத்துப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். ஒன்று என்றால் சுத்தம். ஐந்து என்றால் யாருக்கும் ஆகாது.

காரணம், பழுப்புக் கோடு நோய் என்கிற வைரஸ் நோய். இது 1930-களிலேயே இன்றைய தான்சானியாவின் உசாம்பரா மலைப் பக்கம் கண்டறியப்பட்டது. நம்மூரில் பார்க்கும் தேமல் நோயும் முதன்முதலில் பதிவானது அதே மலைப்பகுதியில்தான், 1894-ல். தேமல் வந்தால் இலை சுருண்டு, மஞ்சள் திட்டு விழுந்து, தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். பழுப்புக் கோடு அப்படியில்லை. அடி இலைகளில் நரம்போரம் லேசான மஞ்சள், அவ்வளவுதான். செடி ஜம்மென்று நிற்கும். மாதக்கணக்கில் காத்திருந்து தோண்டி அறுத்தால், உள்ளே கார்க் மாதிரி காய்ந்த பழுப்பு.

ஒரு கிராமத்தில் வயதான பெண்மணி ஒருவர் மண்வெட்டியால் ஒரு செடியைப் பெயர்த்தார். நல்ல கனமான ஐந்தாறு கிழங்குகள். மாணவி அறுத்தார். முதல் கிழங்கு நான்கு மதிப்பெண். அடுத்தது ஐந்து. அந்தப் பாட்டி எதுவும் சொல்லாமல் கத்தியை வாங்கி, பழுப்பான இடங்களைச் செதுக்கித் தள்ளிவிட்டு, மிஞ்சியதைப் பாத்திரத்தில் போட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் பாதி தரையில் கிடந்தது. படிவத்தில் எண்ணை எழுதும்போது கை கூசியதாக மாணவி வீட்டில் சொல்லியிருக்கிறார்.

இதற்குத் தீவிலேயே வழி தேடினார்கள். நோயைத் தாங்கும் ரகங்கள் 2007-ல் விவசாயிகளுக்கு வந்தன. கிசிம்பானி, மஹோண்டா என்று உள்ளூர்ப் பெயர்களே வைத்தார்கள். அப்புச்சி போனில் பார்த்து மயங்கியதும் இப்படியொரு தாங்கும் ரகம்தான்.

சிக்கலே அங்கேதான். தாங்கும் ரகம் என்றால் நோயே வராத ரகம் என்று அர்த்தமில்லை. வைரஸ் உள்ளே இருந்தும் செடி பெரிதாகக் காட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். குச்சியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு குச்சியை நட்டு, அதிலிருந்து பத்துக் குச்சி ஒடித்துப் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுத்தால், நோயும் கூடவே போகும். பிறகு வெள்ளை ஈக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இந்த நோய் இதுவரை இந்தியாவில் இல்லை.

அடுத்த வீடியோ காலில் பழுப்புக் கிழங்கை அப்புச்சிக்குக் காட்டினார்.

“உள்ள ஏன் துருப்புடிச்ச மாதிரி இருக்குது?”

“இதான் அப்புச்சி அந்தச் சீக்கு. வெளிய தெரியாது.”

“நீ காட்டுன செடி நல்லாத்தான இருந்துது?”

“அதுக்குள்ளயும் இருக்கலாம் அப்புச்சி. அதுவுமில்லாம பர்மிட் இல்லாம செடி, குச்சியெல்லாம் கொண்டு வரக் கூடாது. ஏர்போர்ட்ல புடிப்பாங்க.”

“துணிக்கு நடுவுல சுத்தி வெச்சா யாரு பாக்கப்போறா?”

அவர் கேட்டது பேராசையால் இல்லை. சில வருஷங்களுக்கு முன் மாவுப்பூச்சி வந்தபோது பட்டது அவருக்கு மறக்கவில்லை. 2020-ல் கேரளாவில் முதலில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விறுவிறுவென நாமக்கல், சேலம் காடுகளுக்கும் பரவியது. குருத்தெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு, செடி குட்டையாகி நின்றுவிட்டது. மருந்தடித்தும் அடங்கவில்லை. அந்த வருஷம் கூலிக்கே காணவில்லை என்பார் அப்புச்சி. தெம்பான ரகம் எங்கேயாவது கிடைக்காதா என்று அன்றிலிருந்து தேடுகிறார்.

அந்தப் பூச்சியை அடக்க வந்ததும் ஆப்பிரிக்காவிலிருந்துதான் என்பது அவருக்குத் தெரியாது. மழையில் கழுவிப் போய்விட்டது என்றே நினைத்திருந்தார். உண்மையில் வந்தது ஒரு குளவி. அனகைரஸ் லோபெசி என்று பெயர், கொசுவைவிடச் சின்னது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். 1970-களில் ஆப்பிரிக்காவில் இதே மாவுப்பூச்சி கிழங்கை அழித்தபோது, தென் அமெரிக்காவில் தேடி இந்தக் குளவியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து 1981 முதல் பறக்கவிட்டார்கள். அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானிக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நமக்கு அது பெனின் நாட்டிலிருந்து வந்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் வள மையம் முறைப்படி அனுமதி வாங்கி இறக்குமதி செய்து, தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வெளியே விட்டார்கள்.

பேத்தி இதைச் சொன்னதும் அப்புச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப அந்தக் குளவிய மட்டும் விட்டாங்க?” என்றார். “சோதிச்சுட்டு விட்டாங்க அப்புச்சி.” “ம்” என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றல். ‘டாலாடாலா’ என்கிற ஷேர் வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்தால் தீவின் எந்த மூலைக்கும் போய்விடலாம். ஜோசானி காட்டில் சிவப்பு கோலோபஸ் குரங்குகளைப் பார்த்தார். கரியைத் தின்னும் குரங்கு! மாமர இலை, பாதாம் மர இலையிலுள்ள ஒத்துக்கொள்ளாத பொருளைச் சமாளிக்க அடுப்புக்கரியைக் கடித்துக்கொள்ளுமாம். இலையின் விஷத்துக்கு மனிதர் உரலைக் கண்டுபிடித்தார், குரங்கு கரியை.

யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஸ்டோன் டவுனில், பழைய அடிமைச் சந்தை இருந்த இடத்தில் ஒரு தேவாலயம் நிற்கிறது. 1873-ல் சந்தை மூடப்பட்டது. அங்கே செல்ஃபி எடுக்கத் தோன்றவில்லை என்று சொன்னார். வெளியே வந்து கடற்கரையோரம் ‘உரோஜோ’ குடித்தார். மாங்காய்ப் புளிப்பில் மஞ்சள் நிறச் சூப், உள்ளே பஜ்ஜி, மேலே நொறுங்கிய குச்சிக்கிழங்கு சிப்ஸ். தட்டுவடை செட்டுக்குப் பழகிய சேலம் நாக்குக்கு அது உடனே பிடித்துப்போனது.

தமிழ் கேட்க ஆசையாக இருந்த நாளில், அதே தீவில் சென்னை ஐ.ஐ.டி. 2023 நவம்பரில் தொடங்கிய வளாகம் இருப்பது ஞாபகம் வந்தது. வெளிநாட்டில் திறக்கப்பட்ட முதல் ஐ.ஐ.டி. அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற ப்ரீத்தி அகலாயம்தான் ஐ.ஐ.டி. ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். அந்த வாசல் வரை போவதற்குள் பயண நாள் வந்துவிட்டது.

பெட்டியில் கடைசியாக வைத்தது ஒரு ஜோடி ‘காங்கா’. பெண்கள் இடுப்பிலும் தோளிலும் சுற்றும் பருத்தித் துணி. சுற்றிலும் கரை, நடுவில் பூ, கீழே ஒரு வரி பழமொழி. அம்மாவுக்கு வாங்கியதில் ‘ஹராக்கா ஹராக்கா ஹைனா பராக்கா’ என்றிருந்தது. அவசர அவசரமாகச் செய்வதில் அருள் இல்லை என்று பொருள். குச்சி எதுவும் வைக்கவில்லை. துணிக்கு நடுவில் சுற்றினால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதும் உண்மைதான்.

வெண்ணந்தூர் வீட்டில் துணியை முதலில் கையில் எடுத்தது அப்பா. தறிக்காரர் கண் கரையைத்தான் பார்க்கும். திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார், ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். ‘மேட் இன் இந்தியா’.

அப்புச்சி சிரிக்கவில்லை. இரண்டு நாள் பேத்தியோடு சரியாகப் பேசவும் இல்லை.

தை மாதம் அவர் காட்டில் வெட்டு. பேத்தி கல்லூரி ஹாஸ்டலில் இருந்தார். காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. வரப்பில் வரிசையாக ஏழெட்டுக் கிழங்கு, எல்லாம் குறுக்கே அறுத்தது. அப்புச்சி இதற்கு முன் கிழங்கை அப்படி அறுத்துப் பார்த்ததே இல்லை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

“எல்லாம் வெள்ளையாத்தான் இருக்குது கண்ணு. பாயின்ட்டுக்கு வெலதான் இல்ல.”