மார்கழிக்கு எந்த அம்பர்?

காரைக்குடியில் குளிர் என்றால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் மார்கழி விடியலில் வளவுத் தரையில் கால் வைத்தால் சுரீர் என்கிறதே! அந்த ஒரு மாதத்துக்காக இரண்டு அம்பர் வாசனைக் குப்பிகளை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகத் தடுமாறுகிறேன்.

ஒன்று கெர்லானின் ஷாலிமார். 1925-இல் பாரிஸில் வந்தது, பெயர் மட்டும் முகலாயர் தோட்டத்துடையது. மற்றது கன்னோஜ் ஷமாமா அத்தர். மூலிகையும் மசாலாவும் செம்புப் பானையில் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கியது. ஒரு சொட்டுக்கு மேல் போட்டால் வீடே தலையைப் பிடித்துக்கொள்ளும்.

அம்பர் என்றதும் மஞ்சள் கல்லை நினைக்காதீர்கள். வாசனைக்காரர்கள் சொல்லும் அம்பர் ஒரு கலவை: லாப்டனம் பிசின், வெனிலா, கூடவே நம்ம சாம்பிராணி. அந்தச் சாம்பிராணியும் சுமத்ரா மரத்துப் பிசின்தான். நம்ம செட்டிநாட்டு ஆட்கள் கொண்டுவிக்க, அதாவது வாணிபத்துக்கு, போன கடல் பக்கம்!

ஆயாவிடம் இரண்டு கையையும் நீட்டினேன். ஷமாமா கையை முகர்ந்து, "இது கல்யாண வீட்டுக்குப்பா" என்றார்கள். ஷாலிமார் கையைச் சற்று நேரம் விடவேயில்லை. "எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு சாம்பிராணி காட்டுன தலைமுடி மாதிரி இருக்கு."

பாரிஸ்காரனுக்கு எப்படித் தெரிந்ததோ! மார்கழிப் பிள்ளையார் நோன்பன்று அந்தக் கைதான்.