முதலில் தடுப்பு, பிறகு குத்து!

டேக்குவாண்டோ என்று சொன்னதும் உங்கள் மனக் கண் முன்னால் யார் வந்து நிற்கிறார்? ஓட்டை அடுக்கி வைத்து ஒரே உதையில் தூளாக்கும் முரட்டு ஆசாமிதானே? அவர் பாட்டுக்கு அவர் உடைத்துக் கொண்டிருக்கட்டும். நான் உங்களைப் பாலவாக்கத்தில் கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில், மொட்டை மாடியில் நடக்கும் ஆரம்ப வகுப்புக்கு அழைத்துப் போகிறேன். அங்கே ஓடும் உடைவதில்லை, பல்லும் உடைவதில்லை. பத்துப் பதினைந்து குழந்தைகள், நாலு கல்லூரிப் பெண்கள், பாங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மாமி ஒருவர், முப்பத்தைந்து வயதில் இடுப்பில் வெள்ளைப் பட்டை கட்டிக் கொண்டு நிற்கும் நான். இவ்வளவுதான் எங்கள் சேனை!

'டே' என்றால் கால், 'குவான்' என்றால் முஷ்டி, 'டோ' என்றால் வழி. கொரியாவில் இந்தப் பெயர் வழக்குக்கு வந்தது 1955-ல். 1988-ல் ஸியோல் ஒலிம்பிக்ஸில் கண்காட்சிப் பந்தயமாக எட்டிப் பார்த்து, 2000-ல் ஸிட்னியில் முழுப் பந்தயம் என்ற அந்தஸ்தைப் பெற்றது.

ஆனால் எங்களைப் போன்ற புது ஆட்களுக்குப் பந்தயம் எங்கே, நாங்கள் எங்கே? எங்களுக்கு முதலில் கற்றுக் கொடுப்பது 'பூம்ஸே'. எதிரியே இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசை அது. சிலம்பம் பழகுகிறவர்கள் காலடி பழகுகிறார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆரம்ப வரிசைகள் எட்டு. முதலாவதன் பெயர் டேகுக் இல் ஜாங்.

தென் கொரியாவின் கொடியைப் பார்த்திருப்பீர்கள். நான்கு மூலையிலும் கறுப்புக் கோடுகள் இருக்கும். மேலே இடப் புறத்தில் உள்ள மூன்று முழுக் கோடுகள் ஆகாயத்தைக் குறிப்பவை. இந்த முதல் வரிசை அந்த அடையாளத்துக்கு உரியது. ஆகவே நாம் நடக்கும் பாதையும் தரையில் மூன்று குறுக்குக் கோடுகளாகவே விழுகிறது. நடுவில் அவற்றைச் சேர்க்க ஒரு நெடுங்கோடு. கோலம் போடத் தெரிந்த நமக்கு இது ஒரு பிரமாதமா?

இடப் பக்கம் திரும்பி, இடக் கையால் கீழ்த் தடுப்பு. ஓர் அடி முன்னே வைத்து, வலக் கையால் குத்து. பிறகு நேர் எதிர்த் திசைக்குத் திரும்பி மறுபடியும் தடுப்பு, குத்து. போகப் போகத் தடுப்பு மார்பு உயரத்துக்கு வருகிறது. அப்புறம் முகத்துக்கு மேலே போகிறது. நடுவே ஓர் உதையும் சேர்ந்து கொள்கிறது. ஆனால் ஒரு விஷயம் மாறுவதே இல்லை. எந்தத் திசையில் திரும்பினாலும் முதலில் தடுப்பு. அதற்குப் பிறகுதான் குத்து. தடுப்பதற்கும் முன்னால் பார்வை! "முதல்லே கண்ணு போகணும், அப்புறம்தான் கை" என்று எங்கள் மாஸ்டர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

இங்கே வயதுக்கு மரியாதை இல்லை, பட்டைக்குத்தான் மரியாதை. மஞ்சள் பட்டை கட்டிய ஒன்பது வயதுப் பையன் எனக்கு ஸீனியர். அவன் முன் வரிசையில் நிற்பான், நான் பின்னால். "ஆன்ட்டி, பின் குதிகாலைத் தூக்காதீங்க!" என்று அவன் அதட்டினால் தலை குனிந்து வணங்கி, குதிகாலைக் கீழே வைக்க வேண்டியதுதான்.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? "ஏம்மா, இந்த வயசிலே சண்டை போட வெளியிலே வேறே போகணுமா? வீட்டிலேதான் நான் இருக்கேனே!" என்றார் என் மாமியார். இருந்தும் முதல் வாரமே என் வெள்ளை உடுப்பை வாங்கிக் கஞ்சி போட்டு, விறைப்பாக இஸ்திரி செய்து வைத்துவிட்டார். குத்தும் போதெல்லாம் கை 'சடக், சடக்' என்று நிபுணர்களுக்குப் போலவே சத்தம் போட்டது. கழுத்துத்தான் சிவந்து போயிற்று!

அந்த உடுப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். வியர்வையின் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கொள்ளும். பாலவாக்கத்துக் கடற்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? நனைந்த உடுப்பைப் பைக்குள்ளேயே விட்டால் சீக்கிரமே பூசணம் பூத்துவிடும். ஆகவே அன்று இரவே குளிர்ந்த தண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே வரும்படி காற்றோட்டமான நிழலில் போடுங்கள். வெளுக்க வேண்டுமென்று பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். வியர்வைக் கறையும் அதுவும் சேர்ந்தால் மஞ்சள்தான் மிஞ்சும். பட்டையைத் துவைக்கக் கூடாது என்பது பல பயிற்சிக் கூடங்களின் மரபு. உலர்த்தி வைத்தால் போதும். துவைத்தே தீர வேண்டுமானால் தனியாகத் துவையுங்கள். இல்லாவிட்டால் வர்ணப் பட்டையின் சாயம் வெள்ளை உடுப்பில் ஏறிவிடும். மார்புக் கவசத்தின் உள்ளே ஸ்பாஞ்சு. தண்ணீரில் முக்கினால் லேசில் காயாது. சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். பல்லுக்குப் போடும் காப்பைப் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் வடிவம் கோணிவிடும்.

எத்தனையோ வருஷமாக வீட்டில் எல்லோருடைய யூனிபாரத்தையும் துவைத்து வருகிறேன். எனக்கென்று ஒரு யூனிபாரம் கொடியில் ஆடுவதைப் பார்க்கும் போது மனசுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது, தெரியுமா?

முதல் வரிசையின் கடைசிக் குத்தில் அடி வயிற்றிலிருந்து ஒரு முழக்கம் போட வேண்டும். அதுவரை மௌனம், அந்த ஓர் இடத்தில் மட்டும் சத்தம். குத்தும் உதையும் எனக்குச் சுலபமாக வந்தன. இந்தச் சத்தம் வரவில்லை. "பெண் குழந்தை, மெதுவாகப் பேசு" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த தொண்டை அல்லவா? பக்கத்தில் நின்ற பாங்க் மாமி போட்ட முழக்கத்தில் தண்ணீர்த் தொட்டி மேல் இருந்த காக்கைகள் பறந்தன! "முப்பது வருஷம் கௌண்டருக்குப் பின்னாலே அடக்கி வச்ச குரல் அம்மா இது!" என்றார் சிரித்துக் கொண்டே. இரண்டாவது மாதத்தில் எனக்கும் வந்தது.

ஒரு நாள் திருவான்மியூரில் பஸ் ஏறினேன். கூட்டத்தைச் சாக்காக வைத்துக் கொண்டு ஒருவர் மேலே சாய்ந்து சாய்ந்து வந்தார். முன்பெல்லாம் கைப்பையை நடுவில் வைத்துக் கொண்டு, என் ஸ்டாப் எப்போது வரும் என்று காத்திருப்பேன். அன்று தலையைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தேன். "தள்ளி நில்லுங்கள்!" என்றேன். கத்தவில்லை; அடி வயிற்றிலிருந்து வந்தது. பஸ் முழுவதும் கேட்டது. மனிதர் பின் படிக்கட்டு வரை போய்விட்டார். பார்வை, தடுப்பு, அவ்வளவுதான். குத்துக்கு அவசியமே ஏற்படவில்லை.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன். ஒரு வரிசையைக் கற்றுக் கொண்டவுடன் திருடனை உருட்டி விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு வருஷக் கணக்கில் பயிற்சி வேண்டும். ஆபத்து என்றால் சத்தம் போட்டு ஓடுவதே புத்திசாலித்தனம்.

இந்த வரிசைகள் வெறும் ஆரம்பப் பாடம் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2024-ல் வியட்நாமிலுள்ள டா நாங் நகரில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் அருணாசலப் பிரதேசத்துப் பெண் ரூபா பாயோர் வெண்கலப் பதக்கம் வாங்கியது பூம்ஸேயில்தான். எதிரில் ஆளே இல்லாமல், தன் நிற்பையும் திருப்பத்தையும் மட்டும் காட்டி வென்ற பதக்கம் அது!

உங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலியைச் சற்று நகர்த்தினால் ஒரு பாய் அளவு இடம் கிடைக்குமல்லவா? இன்றைக்கே நிமிர்ந்து நின்று, இடப் பக்கம் பார்த்து, ஒரு கீழ்த் தடுப்புப் போட்டுப் பாருங்கள். யாராவது வந்து "என்ன இது?" என்று கேட்டால், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், பயிற்சி நடக்கிறது!" என்று சொல்லுங்கள். அதுவும் பயிற்சியில் சேர்த்திதான்!